எறங்கிச்சா

தண்ணீர் இறங்கவில்லை. ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பிளஷ் தொட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டு இளம்பரிதி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். கோப்பையில் பாதி, முக்கால், விளிம்பு என்று எந்த அவசரமும் இல்லாமல் ஏறிய தண்ணீர், விளிம்பில் ஒரு கணம் ததும்பி நின்று யோசித்துவிட்டு நான்கு பக்கமும் வழிந்தது.

"பூவிழி! மாப்ப எடுத்தா! மறுபடியும் ஆயிடுச்சு!"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பலராமனுக்கு மகன் கத்துவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கம்மோடில் தண்ணீர் ஒழுங்காகப் போனால் கடைசியில் பெரிதாக ஒரு மிடறு விழுங்குகிற சத்தம் கேட்கும். அவர் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று மிடறு வரவில்லை. பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த மிடறு எப்படி வருகிறது என்பது அவருக்கு அத்துப்படி. கோப்பைக்கு அடியில் குழாய் நேராகக் கீழே போவதில்லை. வாத்தின் கழுத்தைப் போல முதலில் மேலே ஏறி, வளைந்து, அதன் பிறகே கீழே இறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்துக்குப் பூட்டிய கதவு. பொத்தானை அமுக்கினால் ஒரே வீச்சில் வந்து விழும் தண்ணீர் கழுத்தை முழுதாக நிரப்பிக்கொண்டு அந்தப் பக்கம் சரியும். சரிகிற தண்ணீர் பின்னால் இருப்பதையும் பிடித்து இழுக்கும். கேனிலிருந்து டியூப் வைத்து பெட்ரோல் இறக்குகிறோமே, அதே வேலைதான். எல்லாம் போய்க் கடைசியில் காற்று உள்ளே புகும்போது வருவதுதான் அந்த மிடறு. அந்தப் பக்கம் வழி அடைத்திருந்தால் சரிவும் இல்லை, இழுப்பும் இல்லை. வந்த தண்ணீர் போக இடமில்லாமல் மேலே ஏறும்.

மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை. அதனால் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. யார் உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினாலும் வெளியிலிருந்து இன்னொருவர் "எறங்கிச்சா?" என்று கேட்பார். உள்ளே இருப்பவர் "எறங்கிச்சு" என்று சொன்ன பிறகுதான் விட்ட பேச்சு தொடரும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி கவிநிலாதான் இதைத் தொடங்கினாள். முதலில் விளையாட்டாகத்தான் கேட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அவள் யாரையும் கேட்பதில்லை.

பலராமன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். எழும்போது அடிவயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். அப்படியும் இரண்டு சொட்டு கசிந்ததை உணர்ந்தார்.

"நீ வா வெளிய. நான் பாத்துக்கறேன்" என்றார் மகனிடம். "சுடுதண்ணி போடச் சொல்லு. பிளஞ்சர் எங்க?"

"நீங்க பாத்துப் பாத்துத்தாம்ப்பா மூணாவது வாட்டி ஆயிருக்கு. பிளம்பர் பாவா பாய்க்கு போன் போட்டாச்சு. ஒம்பது மணிக்கு வர்றாரு."

"எதுக்கு ஆளு? நான் போட்ட லைனு இது."

"நீங்க போட்டதுதான். இல்லன்னு யாரு சொன்னா? ஆப்பரேஷன் பண்ண ஒடம்ப வெச்சிக்கினு குனிஞ்சி நிமிந்து குத்திக்கினு இருக்க வேணாம். போய் உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. பாவாவிடம் இருப்பது ரப்பர் கிண்ணம் வைத்த பிளஞ்சர் அல்ல, ஸ்பிரிங் கம்பி. பிளஞ்சர் அடைப்பைத் தள்ளிவிடும், அடைத்தது என்னவென்று காட்டாது. ஸ்பிரிங் கம்பியோ அடைத்ததை வெளியே இழுத்துவந்து போட்டுவிடும்.

அடைத்தது என்னவென்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்பு அவருக்குப் புராஸ்டேட் ஆப்பரேஷன் நடந்தது. டாக்டர் ஒரு சீட்டின் பின்புறத்தில் படம் போட்டு விளக்கியது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மூத்திரப் பைக்குக் கீழே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. மேல் பூட்டு நம்மைக் கேட்காமல் தானே பூட்டிக்கொள்ளும். கீழ்ப் பூட்டு நாம் வேண்டுமென்று இறுக்கிப் பிடிப்பது. நடுவில் குழாயைச் சுற்றி வளையம் போல் இருக்கும் சுரப்பி வயதானால் வீங்கி வழியை நெருக்கும். அப்போது உள்ளே மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டி எடுத்து வழியை அகலமாக்குகிறார்கள். வழி அகலமாகிவிடும், ஆனால் மேல் பூட்டும் அங்கேயே இருப்பதால் அது தளர்ந்துபோகும். அதுவரை பெரிதாக வேலை இல்லாமல் இருந்த கீழ்ப் பூட்டு அன்றிலிருந்து முழுப் பாரத்தையும் ஒற்றை ஆளாகத் தாங்க வேண்டும். "சில பேருக்குக் கொஞ்ச நாள் கசியும் பெரியவரே. இறுக்கி இறுக்கி விடற பயிற்சிய விடாமப் பண்ணுங்க, சரியாயிடும்" என்றார் டாக்டர்.

பயிற்சியை அவர் விடவில்லை. கசிவும் அவரை விடவில்லை. இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால், கவிநிலா எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்தால் கசிந்தது. மனைவி இருந்திருந்தால் அவளிடம் சொல்லியிருப்பார். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. மகனிடம் சொல்ல வாய் வரவில்லை, மருமகளிடம் சொல்வதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

முதலியார்பேட்டையில் எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் "என்னா மாமா, யாருக்கு?" என்று கேட்பார்கள். அதனால் அவர் மாதம் இரண்டு முறை பஸ் ஏறி கோரிமேட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து இறங்கும் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கடைக்காரர் பெரியவர்களுக்கான பேடு பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். அதைக் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில், பழைய ஸ்பேனர்களுக்கு நடுவில் ஒளித்து வைப்பார்.

ஆனால் வாங்குவதோடு வேலை முடிந்துவிடவில்லை. பயன்படுத்தியதை எங்கே போடுவது?

தினமும் விசிலடித்துக்கொண்டு குப்பை வண்டி தள்ளி வரும் சின்னப்பாப்பா, வாசலிலேயே வாளியைக் கவிழ்த்து மக்குவதையும் மக்காததையும் பிரிப்பாள். அவள் குரல் தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும். போன மாதம் எதிர்வீட்டு வாசலில் நின்று, "யக்கா, உங்க ஊட்லதான் கொழந்தையே இல்லியே, டயபரு எப்படி வருது?" என்று கேட்டாள். கெடுதலாக ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாடிகளிலிருந்து நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. பலராமன் அன்றே முடிவு செய்துவிட்டார், குப்பை வாளி வேண்டாம் என்று.

மில்லில் முப்பத்தொரு வருடம் பஞ்சுக்கு நடுவில் நின்றவர் அவர், பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கார்டிங் மெஷின்களுக்குப் பிட்டர். பஞ்சு கொத்தாக இருந்தால்தான் அடைக்கும், பிரித்துவிட்டால் தண்ணீரோடு போய்விடும். இது அவர் கையால் கண்ட உண்மை. எனவே கதவைச் சாத்திக்கொண்டு பேடின் பிளாஸ்டிக் தாளைத் தனியே உரித்து, கழுவி, பால் கவர்களோடு சேர்த்துவிடுவார். மேலே இருக்கும் துணியைச் சிறுசிறு நாடாவாகக் கிழிப்பார். உள்ளே இருப்பதைப் பூப்பூவாகப் பிய்த்துக் கோப்பையில் தூவி ஒரு வாளித் தண்ணீரும் ஊற்றுவார். விரலில் சர்க்கரை போலச் சில மணிகள் ஒட்டும். அது என்னவென்று யோசித்ததுண்டு. அதற்கு மேல் யோசிக்காமல் கையைக் கழுவிக்கொள்வார்.

முதல் முறை அடைத்தபோது அரை மணி நேரத்தில் பிளஞ்சரால் தள்ளிவிட்டார். இரண்டாம் முறை, இந்த வியாழக்கிழமை, இரண்டு மணி நேரம் ஆனது. கடைசி இழுப்பில் கிழிக்காமல் விட்டுப்போன உள்ளங்கை அளவு வெள்ளைத் துணி ஒன்று மேலே வந்து மிதந்தது. அவர் கைக்கு முன்னால் கதவருகே நின்ற மருமகள் பூவிழியின் கண் அதை எட்டிவிட்டது. மாலையில் கவிநிலாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்கடி போடுற நீ? பேப்பர்ல சுத்தி வாளியில போடுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்?"

"அப்படித்தாம்மா போடறேன்!"

"பொய் சொல்லாத. நான் கண்ணால பாத்தேன்."

"சத்தியமா இல்லம்மா. கக்கூஸ்ல நான் எதுக்கும்மா போடப் போறேன்?"

பிறகு அழுகை வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பலராமனுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

அதை நினைக்கும் போதெல்லாம் காது மடல் சுட்டது. இனி கோப்பையில் எதுவும் போடுவதில்லை என்று அன்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமைப் பேடைப் பாலித்தீனில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். சனிக்கிழமை மதியம் அடுத்ததை வைக்கப் பெட்டியைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. பூவிழி பெருக்க வரும் நேரம். இந்த இரண்டு மட்டும், இன்னும் பொடிப்பொடியாகப் பிய்த்து, இன்னும் ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக விட்டு, இதோடு கடைசி.

அந்தக் கடைசியைத்தான் இப்போது பூவிழி மாப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பாவா வந்தபோது மணி ஒன்பதே கால். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு. சுருட்டிய ஸ்பிரிங் கம்பியைத் தோளில் மாலை போலப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். ஆப்பரேஷனுக்குப் பிறகு இளம்பரிதி பழைய கோப்பையை எடுத்துவிட்டுக் கம்மோடு வைக்கச் சொன்னபோது வைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

"என்னாண்ணே, நான் வெச்ச கம்மோட மெரட்டி அழ வெச்சிட்டீங்களா? அதுவா, நீங்களா, யாரு மொதல்ல ஒத்துழைக்கலன்னு சொல்லுங்க."

பலராமன் சிரிக்கவில்லை. சிரித்தால் கசியும்.

பாவா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நேராக வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்கு வந்தார். அடைப்பு எங்கே என்று தெரியாமல் கம்பியை விடுகிறவர் இல்லை. சந்தில் சேம்பர் இருக்கிறது. செங்கல் கட்டிச் சிமெண்டு பூசிய சதுரக் குழி, மேலே கான்கிரீட் மூடி. வீட்டுக் குழாய் அதில் வந்து விழும். அங்கிருந்து தெருவுக்கு அடியில் போகும் பெரிய சாக்கடைக்கு வழி. சேம்பர் நிரம்பியிருந்தால் அடைப்பு தெருப் பக்கம். காய்ந்திருந்தால் வீட்டுப் பக்கம்.

இருவரும் கடப்பாரை போட்டு மூடியை நகர்த்தினார்கள். பலராமன் அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு நெம்பினார். அப்படியும் கசிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சேம்பர் காய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் குழாயும் அதே சேம்பரில்தான் வந்து விழும். அங்கே ஹரிகிருஷ்ணன் குளித்துக்கொண்டிருந்தார் போல, அந்தக் குழாயிலிருந்து சோப்பு நுரை கொட்டி, நிற்காமல் தெருப் பக்கம் ஓடியது.

"தெருப்பக்கம் கிளீனா ஓடுது" என்றார் பாவா. "அப்ப நம்ப எல்போவுலதான், குழா வளையற எடத்துல."

ஸ்பிரிங் கம்பியைச் சேம்பர் வழியாக வீட்டுக் குழாய்க்குள் செலுத்தினார். நேரான கம்பி வளைவில் முட்டி நின்றுவிடும், ஸ்பிரிங் வளைந்து கொடுத்துப் போகும். ஆனால் அதை ஒரே பக்கமாகத்தான் திருக வேண்டும். மாற்றித் திருகினால் சுருள் பிரிந்து உள்ளேயே முடிச்சு விழுந்துவிடும். பாவா அவசரப்படாமல் திருகினார். வேறு நாளாக இருந்தால் பலராமன் பக்கத்தில் குந்திக்கொண்டு ஒவ்வொரு திருகலையும் ரசித்திருப்பார். இன்று கடப்பாரையைப் பிடித்தபடி தள்ளியே நின்றார்.

பன்னிரண்டடியில் கம்பி நின்றது. பாவா இரண்டு முறை திருகிக் கொக்கியை மாட்டி இழுத்தார். சேம்பருக்குள் ஏதோ பொத்தென்று விழுந்தது. அதன் பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் மடமடவென்று கொட்டியது. வீட்டுக்குள்ளிருந்து அந்த மிடறு கேட்டது.

"ஆங், விட்டுச்சு" என்ற பாவா, கையுறையோடு விழுந்ததை அள்ளி எடுத்து ஒரு பழைய பெயிண்டு வாளியில் போட்டார். சாம்பல் வெள்ளையில், ஊறிய ஜவ்வரிசி போலக் கொழகொழவென்று ஒரு பந்து. நடுவில் வெள்ளை நாடாக்கள்.

"பஞ்சு போலருக்கு" என்றார் பலராமன். தன் குரல் அவருக்கே பொய்யாகக் கேட்டது.

"பஞ்சா? நீங்க மில்லுக்காரரு, உங்களுக்கே தெரியுமே. பஞ்சுன்னா அமுக்கினா தண்ணிய விட்டுடும்." பாவா பந்தைக் கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. விரல் இடுக்கில் கூழாகப் பிதுங்கியது. "விடுதா பாருங்க. இதுல இருக்கிறது ஒரு மாதிரி உப்பு மணி. காஞ்சிருந்தா கடுகு மாதிரி இருக்கும். தண்ணி பட்டா குடிச்சிக்கினே இருக்கும், ஊதிக்கினே போவும், திருப்பித் தராது. நர்சிங் ஓமுங்கள்ல இதே வேலதாண்ணே எனக்கு."

பலராமன் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்துக்கொண்டு போகட்டும் என்று அவர் ஊற்றிய ஒவ்வொரு வாளித் தண்ணீரும் அதற்குத் தீனியாகியிருக்கிறது. பொடிப்பொடியாகப் பிய்த்தது அது இன்னும் நன்றாகக் குடிக்க உதவியிருக்கிறது. பஞ்சைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தார். இது பஞ்சே இல்லை.

பாவாவுக்கு டீ எடுத்துக்கொண்டு இளம்பரிதி சந்துக்குள் வந்தான். வாளியை எட்டிப் பார்த்தவன் முகம் கறுத்தது. வியாழக்கிழமை நடந்ததைப் பூவிழி அவனிடம் சொல்லியிருந்தாள்.

"கவி!" என்று கத்தினான். "ஏய் கவி! இங்க வா!"

கவிநிலா பின்வாசல் வழியாக வந்தாள். வாளியைப் பார்த்தாள். உடனே பாவாவைப் பார்த்தாள். வெளி ஆள் நிற்கிறார் என்று தெரிந்ததும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

"என்னா இது?"

"நான் இல்லப்பா."

"நீ இல்லன்னா பேயா வந்து போட்டுச்சு? அன்னிக்கு அம்மா சொன்னப்பவே ஒத்துக்கினு இருந்தா இன்னிக்கு இந்த அசிங்கம் உண்டா?"

பின்னாலேயே வந்த பூவிழி, "ஏங்க, மெதுவா. பாய் நிக்கிறாரு" என்றாள்.

"நிக்கட்டும். அவரு கையால அள்ளியிருக்காரு, அவருக்குத் தெரியாததா?"

கவிநிலா நிமிரவில்லை. பாவாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அம்மா மேல சத்தியமா நான் போடலப்பா" என்றாள். கடைசி வார்த்தை சரியாக வெளியே வரவில்லை.

"தம்பி, தம்பி" என்று பாவா குறுக்கே வந்தார். "பொண்ணப் போயி ஏன் திட்டிக்கினு? பக்கத்து ஊட்டு லைனும் இதே சேம்பர்லதான வருது. அங்க யாரோ போட்டது எதுத்துக்கினு நம்ப குழாய்ல ஏறியிருக்கும். எத்தினி ஊட்ல பாத்திருக்கேன்."

சொல்லும்போது பாவா இளம்பரிதியைப் பார்க்கவில்லை. பலராமனைப் பார்த்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு கம்பியைச் சுருட்டுவதில் மும்முரமானார்.

பாவாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். பலராமன் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

"ஹரிகிருஷ்ணன் ஊடா?" என்றான் இளம்பரிதி. "அவங்க ஊட்ல மூணு பொம்பளைங்க. இருங்க, நேரா கேட்டுட்டு வந்துடறேன்." டீ கிளாசைச் சுவரில் வைத்துவிட்டுத் தெருப் பக்கம் திரும்பினான்.

"ஏறாது" என்றார் பலராமன்.

"என்னாப்பா?"

"அங்கேருந்து இங்க ஏறாது." அவர் குனிந்து சேம்பருக்குள் கையைக் காட்டினார். தவறான ஒரு விளக்கம் கண் முன்னால் நிற்பதை அவரால் பொறுக்க முடிந்ததில்லை, இப்போதும் முடியவில்லை. "அவங்க குழா கீழ வந்து விழுது. நம்ப குழா அதுக்கு நாலு வெரக்கட மேல. சேம்பர் ரொம்புனாத்தான் அங்கேருந்து இங்க ஏற முடியும். சேம்பரு காஞ்சு கெடந்துச்சு. தண்ணி மேல ஏறாது பாவா. உனக்குத் தெரியும்."

பாவா கம்பியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அடச்சது எல்போவுல. எல்போவுக்கு அந்தாண்ட இருக்கிறது ஒரே கக்கூசு. நம்பளுது."

"அதத்தாம்ப்பா நானும் சொல்றேன். இவதான்—"

"இவ இல்ல. இவ போட்டிருந்தா முழுசாப் போட்டிருப்பா, முழுசா வந்திருக்கும். இதப் பாரு." அவர் வெறும் கையை வாளிக்குள் விட்டு ஒரு நாடாவை உருவி எடுத்தார். "ஒரே அகலத்துல கிழிச்சிருக்கு. பிளாஸ்டிக் ஒரு துண்டு கூட இல்ல, தனியா உரிச்சாச்சு. உள்ளாற இருந்தத பூப்பூவாப் பிரிச்சிருக்கு. இப்படிப் பிரிக்கக் கை பழகியிருக்கணும். கார்டிங்ல நின்ன கையி..."

அதற்கு மேல் விளக்கம் போகவில்லை. நாடாவை வாளியிலேயே திரும்பப் போட்டார்.

"நான்தாம்ப்பா" என்றார். "என்னுது. ஆப்பரேஷனுக்கு அப்புறம் நிக்க மாட்டேங்குது. அஞ்சு மாசமா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஹரிகிருஷ்ணன் குளித்து முடித்திருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் விழுவது நின்றுபோயிருந்தது. இளம்பரிதி அப்பாவைப் பார்த்தான், அவர் இடுப்புத் துண்டைப் பார்த்தான். சட்டென்று பார்வையை எடுத்துச் சுவரில் இருந்த டீ கிளாசைப் பார்த்தான். "ஏம்ப்பா..." என்று தொடங்கினான். கிளாசை எடுத்துப் பாவாவிடம் கொடுத்தான். பாவா அதை வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காமலே, டீ சூடாக இருப்பதாகச் சொன்னார்.

"மாமா, கையக் கழுவிக்கினு உள்ள வாங்க" என்றாள் பூவிழி. அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். மகள் பக்கம் திரும்பி அவள் தோளைத் தொடப் போனாள்.

கவிநிலா நகர்ந்துகொண்டாள். தாத்தாவை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு டிவி சத்தத்தக் கூட்டுனீங்க" என்றாள். "எனக்கு உள்ள கேட்டுச்சு தாத்தா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அறைக் கதவு சாத்தும் சத்தம் சந்து வரைக்கும் வந்தது.

பாவா போகும்போது ஸ்கூட்டரை உதைக்காமல் கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். "அந்த எல்போ முழு வளைவுண்ணே. அத எடுத்துட்டு ரெண்டு அரை வளைவா வெச்சா தண்ணி இடிக்காமப் போவும். புதன்கிழம வந்து மாத்திடறேன்" என்றார். பலராமன் தலையாட்டினார். எல்போ போட்டது அவர்தான். அந்தக் குறையும் அவருடையதுதான். "எங்க மாமனாருக்கு ஏழு மாசம் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாவா கிளம்பினார்.

அன்று மாலை கழிப்பறை மூலையில் காலால் மிதித்தால் திறக்கும் மூடி போட்ட வாளி ஒன்று வந்திருந்தது. பக்கத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய பழைய பேப்பர். மேலே செல்பில் கவிநிலாவின் பாக்கெட். அதன் பக்கத்தில், டிரங்குப் பெட்டியில் இருந்த அவருடைய பாக்கெட். கறுப்புக் கவர் இல்லாமல், பெயர் தெரிய நின்றது. பலராமன் அதைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே நின்றார். ஒளித்து வைத்திருந்த நாட்களில்கூட இவ்வளவு கூசியதில்லை.

திங்கட்கிழமை காலை விசில் சத்தம் கேட்டதும் அவரே வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சின்னப்பாப்பா பேப்பர் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாருதுண்ணே? இவ்ளோ கனமா இருக்கு?"

"என்னுது."

"ஓ" என்றாள். "இத தனி பையில போட்டுக் குடுத்துடுண்ணே, மத்த குப்பையோட கலக்காத." அவ்வளவுதான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். எந்த மாடியிலிருந்தும் எந்தத் தலையும் எட்டிப் பார்க்கவில்லை. இதற்குத்தானா அந்தக் குழந்தையைக் குற்றவாளியாக நிறுத்திவைத்தேன் என்று பலராமன் காலி வாளியோடு வாசலிலேயே நின்றார்.

கவிநிலா அவரோடு பேசவில்லை. திங்கள், செவ்வாய், புதன். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள். இளம்பரிதி ஒருமுறை "தாத்தாகிட்ட பேசு" என்று அதட்டினான். "வேணாம், அவள விடு" என்று பலராமன் தடுத்துவிட்டார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அறை வாசல் வரைக்கும் போனார். கதவு திறந்தேதான் இருந்தது. அவள் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூன்றாம் முறை வாசலில் நின்றபடியே, "தப்பு என் மேலதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார். அவள் நோட்டில் எழுதுவதை நிறுத்தவில்லை.

புதன்கிழமை பாவா வந்து எல்போவை மாற்றிவிட்டுப் போனார். வியாழக்கிழமை மாலை பலராமன் கழிப்பறைக்குள் போனார். மாற்ற வேண்டியதை மாற்றினார், பேப்பரில் சுற்றினார், வாளியின் மூடியை மிதித்து உள்ளே போட்டார். பிறகு பிளஷ் பொத்தானை அமுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சுழன்றது, கழுத்துக்குள் போனது, சரிந்தது, பின்னால் இருந்ததையும் இழுத்துக்கொண்டு போனது. பெரிதாக ஒரு மிடறு.

வெளியே கூடத்தில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எறங்கிச்சா?" என்று கேட்டாள் கவிநிலா. குரலில் கோபம் இன்னும் இருந்தது.

பலராமன் தாழ்ப்பாளைத் திறந்தார்.

"எறங்கிச்சும்மா" என்றார்.